வீட்டுத்திட்ட வீட்டின் குசினியும் துறைமுகத்து வரியும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்திருப்பது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எங்கும் காணக்கூடிய ஒரு வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில், குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுப்பனவோடு, ஏறத்தாழ 550 சதுர அடியில் எழும்பிய வகை. குசினி 8 அடிக்கு 10 அடி. தரை சீமெந்து, ஒரு மூலையில் விறகடுப்பும் புகைபோக்கியும், கழுவுவதற்கு வெளியே ஒரு தொட்டி. கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடமான பிறகு இப்படியான குசினிகளைத்தான் சனம் இப்போது திருத்துகிறது. அளவுகள் தனியொரு வீட்டினுடையவை அல்ல. இவ்வகை வீடுகளில் வழமையாக வரும் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது.

செய்ய வேண்டிய வேலை: இரண்டு சுவரோரமாக ‘எல்’ வடிவில் கொங்கிறீட் மேடை, மேலே கிறனைட், கீழே அலுமாரிகள், தரைக்கும் மேடைக்கு மேலுள்ள சுவருக்கும் ரைல்ஸ், உள்ளே ஒரு சிங், காஸ் அடுப்புக்கு இடம். விறகடுப்பையும் புகைபோக்கியையும் உடைப்பதில்லை. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

பொருட்கணக்கு இப்படி வரும். 10 அடிச் சுவர் முழுவதும் மேடை, 8 அடிச் சுவரில் மூலையைக் கழித்தால் 6 அடி. மொத்தம் 16 அடி நீளம், 2 அடி அகலம், 32 சதுர அடி. 3 அங்குலத் தடிப்பில் 8 கன அடி கொங்கிறீட். 1:2:4 கலவையில் ஒன்றரைப் பை சீமெந்து போதும். தரை 80 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி ரைல்ஸ் பெட்டியில் நான்கு இருக்கும், ஒரு பெட்டி 15.5 சதுர அடி பிடிக்கும். வெட்டுச்சேதத்துக்குப் பத்து வீதம் சேர்த்தால் 6 பெட்டி. சுவருக்கு 18 அடி நீளம், 2 அடி உயரம், 36 சதுர அடி. 1 அடிக்கு 2 அடி ரைல்ஸில் 3 பெட்டி. ஒட்டும் பசை 25 கிலோ பை மூன்று. ஒரு சிங், ஒரு குழாய், கழிவுக் குழாய்க்கு ஒன்றரை அங்குல பி.வி.சி., மூன்று நான்கு 13 அம்பியர் பிளக், அவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்.

ரூபாயில் விலை எழுதினால் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். ஆகையால் மொத்தச் செலவை 100 என்று வைத்துப் பங்கு பிரிக்கிறோம். இந்தக் கணக்கில் கூலி 31. சீமெந்து, மணல், சல்லி, கம்பி, கல் 12. ரைல்ஸும் பசையும் 15. அலுமாரிப் பொருட்கள் 21. கிறனைட் 11. சிங், குழாய், பைப் 6. மின்சாரப் பொருட்கள் 4. ஊருக்கு ஊர், மேசனுக்கு மேசன் இது மாறும். ஆனால் கூலிதான் மிகப்பெரிய பங்கு என்பதும் அடுத்தது அலுமாரி என்பதும் பெரும்பாலும் மாறாது. மணலுக்கும் கூலிக்கும் சுங்கத் தீர்வை இல்லை. வரி நேரடியாகக் கடிப்பது பெரும்பாலும் ரைல்ஸ், அலுமாரி, கிறனைட், சிங் என்ற நான்கு இனங்களில்தான்; அவை சேர்ந்து 53.

துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு என்ன நடக்கிறது

பொருளின் விலை, கப்பற்கூலி, காப்புறுதி மூன்றையும் சேர்த்த பெறுமதியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. அது 100 ரூபாய் என்று வைப்போம். அதன்மேல் சுங்கத் தீர்வை வரும். துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி வரும். 2025 இல் அதன் பொது வீதம் 10. சில பொருட்களுக்கு செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி வரும். பெறுமதியோடு, கணக்குக்காக மட்டும், வேறொரு 10 வீதத்தைக் கூட்டி, அந்த 110 இன் மேல்தான் செஸ்ஸைக் கணக்கிடுவார்கள். அந்த 110 ஓடு தீர்வை, துறைமுக வரி, செஸ் மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் வற் வரி, 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18 வீதம். 2022 ஒக்டோபரிலிருந்து சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதமும் அதே தொகையின் மேல் தனியாக இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் வீதம் வேறு. அதைத் தீர்மானிப்பது எச்.எஸ். குறியீடு, அதாவது பொருட்களை வகைப்படுத்தச் சுங்கம் பயன்படுத்தும் சர்வதேச எண். பீங்கான் ரைல்ஸ் 6907, துருப்பிடிக்காத எஃகு சிங் 7324, குழாய் 8481, எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) 4411, பிணைச்சல் 8302, மெருகிட்ட கிறனைட் 6802, செய்துமுடித்த மரக் குசினி அலுமாரி 9403. சுங்கத் திணைக்களத்தின் தீர்வை அட்டவணையில் இந்த எண்களைத் தேடினால் அன்றைய வீதம் கிடைக்கும். கீழே வரும் வீதங்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும்.

தீர்வை 20, செஸ் 30 வீதம் என்று எடுப்போம். 100 இன் மேல் தீர்வை 20, துறைமுக வரி 10, செஸ் 33. வற் வரிக்கான அடிப்படை 110, 20, 10, 33 சேர்ந்து 173. அதில் 18 வீதம் 31. உதவுதொகை வரி ஏறத்தாழ 4. துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 198 ரூபாய். அதே பொருளுக்கு செஸ் இல்லையென்றால் 159. தீர்வையும் இல்லை, செஸ்ஸும் இல்லை என்றால் 135.

பேப்பரில் பெரிதாகப் பேசப்படுவது தீர்வை. குசினிப் பொருட்களில் அடி விழுவது பெரும்பாலும் செஸ்ஸால். உள்ளூர் உற்பத்தி இருக்கும் இடத்தில் அது ஏற்றப்படுகிறது. ரைல்ஸ் அதற்கு நல்ல உதாரணம்.

இனி லொறி. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். லொறிக்கூலியைக் கணக்கில் எடுக்காமலே, இறக்குமதியாளர் 15, மொத்த வியாபாரி 10, உள்ளூர்க் கடை 20 வீதம் இலாபம் வைத்தால் 198 ரூபாய் 300 ஆகிறது. செஸ் இல்லாத 159 ரூபாய் 241 ஆகிறது. இலாபம் வீதமாக வைக்கப்படுவதால் வரியின் மேலும் இலாபம் ஏறுகிறது. துறைமுகத்தில் ஏறத்தாழ 40 ரூபாயாக இருந்த வித்தியாசம் கடை வாசலில் ஏறத்தாழ 60 ஆகிவிட்டது.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 30 வீத செஸ்ஸை எடுத்துவிட்டால் கடை விலை 30 வீதம் இறங்காது. 300 இலிருந்து 241, அதாவது 20 வீதம். மொத்தக் குசினியில் ரைல்ஸின் பங்கு 15 என்பதால், ரைல்ஸ் 20 வீதம் இறங்கினாலும் முழுச்செலவு 3 வீதம்தான் இறங்கும். வரி குறையட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்து, அதற்குள் மேசன் கூலி பத்து வீதம் ஏறினால் மிச்சம் எதுவுமில்லை. செஸ்ஸையும் துறைமுக வரியையும் படிப்படியாக நீக்கும் பேச்சு பல காலமாக இருக்கிறது. வர்த்தமானி கையில் வரும்வரை அதை நம்பிக் குசினியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரைல்ஸ்: மலிவானதில்தான் வரி கூட

செஸ் சில பொருட்களுக்கு ‘இத்தனை வீதம் அல்லது அலகுக்கு இத்தனை ரூபாய், எது கூடவோ அது’ என்று எழுதப்பட்டிருக்கும். இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. சதுர மீற்றருக்கு 30 வீதம் அல்லது 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகப் பெறுமதி 2,000 ரூபாயான நல்ல ரைல்ஸுக்கு 30 வீதம் 660 ரூபாய், அதுவே அறவிடப்படும். பெறுமதி 800 ரூபாயான மலிவு ரைல்ஸுக்கு 30 வீதம் 264 தான், ஆனால் 400 கட்ட வேண்டும். வீதமாகப் பார்த்தால் 45. ஆகவே கடையில் மலிவுக்கும் நல்லதுக்கும் இடையிலான இடைவெளி தொழிற்சாலை வாசலில் இருப்பதைவிடக் குறுகிவிடுகிறது. இப்படியான செஸ் இருக்கும் வரைக்கும் இரண்டாந்தர ரைல்ஸ் வாங்குவது சரியான சிக்கனமல்ல. அதன் விளிம்புகள் வளைந்திருக்கும். இரண்டு ரைல்ஸைச் சமனான தரையில் முகத்துக்கு முகம் வைத்து நடுவிலோ மூலையிலோ வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பதித்தபின் விளிம்பு காலில் தட்டும், மேசனைக் குறைசொல்லிப் பயனில்லை.

உள்ளூர் ரைல்ஸ் எடுத்தால் வரி இல்லைதானே என்று கேட்பார்கள். நேரடியாக இல்லை. ஆனால் வெளிநாட்டு ரைல்ஸ் 300 ரூபாய்க்கு நிற்கும்போது உள்ளூர்க்காரர் 200 க்கு விற்கத் தேவையில்லை. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து ரைல்ஸும் குளியலறைப் பொருட்களும் நிறுத்தப்பட்டபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது: விலையும் ஏறியது, விரும்பிய அளவும் நிறமும் கிடைக்கவுமில்லை. பாதுகாப்பு வரி என்பது வெளிநாட்டுப் பொருளின் விலையை மட்டும் தூக்குவதில்லை.

ஒரே தடவையில் எல்லாப் பெட்டிகளையும் எடுப்பது முக்கியம். பெட்டியின் பக்கத்தில் நிற இலக்கமும் அளவு இலக்கமும் அச்சிட்டிருக்கும். ஒன்பது பெட்டியில் தரைக்கான ஆறும் ஒரே இலக்கம், சுவருக்கான மூன்றும் ஒரே இலக்கம் என்று பார்த்து ஏற்றுங்கள். விலை இறங்கும் என்று பாதியை இப்போதும் பாதியைப் பிறகும் வாங்கினால், அடுத்த கொள்கலனில் வருவது அரை மில்லிமீற்றர் பெரிதாகவோ ஒரு சாயல் மங்கலாகவோ இருக்கும். இடைக்கோடு நேராக வராது. A9 வீதியில் இறக்கி ஏற்றும்போது மூலை உடைவதும் வழமை. பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே பற்றுச்சீட்டில் கையெழுத்து.

அலுமாரி: இங்கேதான் காசு மிஞ்சும்

மூன்று வழி இருக்கிறது. செய்துமுடித்த அலுமாரியை இறக்குமதியாக வாங்கலாம். இறக்குமதிப் பலகையை வாங்கி இங்கே செய்விக்கலாம். அல்லது பெட்டியைக் கொங்கிறீட்டிலும் கல்லிலும் கட்டிக் கதவு மட்டும் போடலாம்.

செய்துமுடித்த பொருளுக்கு வரி கூட, மூலப்பொருளுக்குக் குறைவு. தீர்வை அட்டவணையின் பொதுவான சாய்வு அது. ஆகவே முதல் வழி வரியில் மோசமானது. அதோடு கப்பலில் வருவது பெரும்பாலும் வெற்றிடம், அதற்கும் கூலி கட்ட வேண்டும். இரண்டாவது வழியில், இந்தக் குசினிக்கு 2 அடி அகலப் பெட்டி ஏழு வரும். 8 அடிக்கு 4 அடி எம்.டி.எஃப். பலகை, சேதத்தோடு ஆறு தேவை. வரி பரவாயில்லை. ஆனால் வன்னியில் எம்.டி.எஃப்.புக்கு இரண்டு எதிரிகள்: கறையானும் தரை கழுவும் தண்ணீரும். அடிப்பக்கம் நான்கு அங்குலம் உயர்த்திச் சீமெந்துப் பீடம் கட்டாமல் தரையிலேயே வைத்தால், வெட்டிய விளிம்பு தண்ணீர் குடித்து மாரி முடியும்போது வீங்கியிருக்கும். வீங்கிய பலகை திரும்ப ஒடுங்காது. பிணைச்சலின் திருகாணியும் அதில் நிற்காது.

மூன்றாவது வழியைத்தான் இந்த வீட்டுக்குச் சொல்கிறோம். மேடையைத் தாங்க எப்படியும் இடைச்சுவர் தேவை. அவற்றையே 2 அடிக்கு ஒன்றாகக் கட்டி, நடுவே ஒன்றரை அங்குலக் கொங்கிறீட் தட்டு வைத்தால் பெட்டி முடிந்தது. வாங்க வேண்டியது 33 சதுர அடிக் கதவு மட்டும். அலுமினியச் சட்டத்தில் செய்தால் கறையான் பயமில்லை; அலுமினிய வேலைக்காரர் இப்போது ஒவ்வொரு நகரிலும் இருக்கிறார்கள். அலுமினியச் சட்டங்கள் உள்ளூரில் செய்யப்பட்டாலும் மூல உலோகம் இறக்குமதிதான், டொலர் ஏறினால் அதுவும் ஏறும். ஆனால் ஆறு பலகைக்குப் பதில் 33 சதுர அடி என்பதால் அடி சிறியது. மரம்தான் வேண்டுமென்றால் வேம்பு கறையானுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். தேக்கு, முதிரை என்றால் ஏற்றிக்கொண்டுவர வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்; வழியில் மறித்தால் மரமும் வாகனமும் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நுணுக்கம். 14 சிறு கதவுக்கு 28 பிணைச்சல். எம்.டி.எஃப். கதவுக்கான கிண்ணப் பிணைச்சலுக்கு 35 மில்லிமீற்றர் துளை வேண்டும். ஒடுங்கிய அலுமினியச் சட்டத்தில் அது இருக்காது. அதற்கென்று வேறு வகை உண்டு. கதவு எதில் என்று முடிவெடுக்காமல் பிணைச்சலை வாங்கினால் இரண்டு தடவை வரி கட்டியதாகும்.

இடைச்சுவர் கட்டினால் கூலி கூடுமே என்பது நியாயமான கேள்வி. கூடும். 31 இலிருந்து 35, 36 வரை போகலாம். ஆனால் 21 ஆக இருந்த அலுமாரிச் செலவு பாதியளவுக்கு இறங்கும். அதோடு அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிற்கிறது.

கிறனைட், சிங், குழாய்

32 சதுர அடி, 20 மில்லிமீற்றர் கிறனைட் ஏறத்தாழ 160 கிலோ. சிங்குக்காக வெட்டியெடுக்கும் துண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். உடைவது பெரும்பாலும் அந்தத் துளைக்கு முன்னும் பின்னும் நிற்கும் ஒடுங்கிய பட்டியில். இறக்கும்போது தட்டையாகப் பிடித்தால் முறியும், செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மலிவு என்று மாபிள் கல்லைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தேசிக்காய்ச் சாறும் பழப்புளியும் நாளாந்தம் சிந்தும் மேடையில் மாபிள் அரித்து மங்கிவிடும். கிறனைட்டுக்கு அது ஒன்றும் செய்யாது.

இந்தியக் கிறனைட், இந்திய ரைல்ஸ் எல்லாம் ஒப்பந்தத்தால் வரியில்லாமல் வரும் என்று சில கடைகளில் சொல்வார்கள். 2000 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் சலுகை கொடுப்பது சுங்கத் தீர்வையில் மட்டும். அதுவும் எதிர்மறைப் பட்டியலில் (சலுகை கிடையாத பொருட்களின் பட்டியல்) இல்லாத பொருளுக்கு, எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழ் இருந்தால். செஸ், துறைமுக வரி, வற் எதுவும் போகாது. மேலே போட்ட கணக்கில் தீர்வையை மட்டும் எடுத்தால் 198 ரூபாய் 174 ஆகும், 12 வீதம்.

சிங்கில் 304, 201 என்று எஃகில் இரண்டு தரம் ஓடுகிறது. காந்தம் வைத்துப் பார்த்து ‘பிடிக்கவில்லை, அசல்’ என்பார்கள். 201 உம் பெரும்பாலும் காந்தத்தில் பிடிக்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமும் உவரும்; 201 சிங் அந்தத் தண்ணீரில் பொட்டுப் பொட்டாகத் துருவேறும். தரம் பற்றுச்சீட்டில் எழுதப்படட்டும். குழாய் பித்தளையா, துத்தநாகக் கலவையா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாரத்தில் ஓரளவு தெரியும். இந்த 6 பங்கில் சேமிக்கப் போவது மொத்தத்தில் ஒரு வீதம். மூன்றாம் வருடம் ரைல்ஸை உடைத்து மாற்றும் செலவு அதைவிடப் பெரிது.

கனடாவில் இருக்கும் மகனோ மருமகளோ பொதியில் குழாய் அனுப்புவது உண்டு. வரி மிச்சம் என்று நினைப்பு. அந்தக் குழாயின் இணைப்புக் குழல் எட்டில் மூன்று அங்குல வகை. இங்கே சுவரில் இருப்பது அரை அங்குலம். மாற்று இணைப்பு இல்லாமல் பூட்ட முடியாது, அந்த இணைப்பு கிளிநொச்சிக் கடையில் கேட்டவுடன் கிடைக்காது. அங்கிருந்து வரும் மின்சாரச் சாமான் 120 வோல்ட், இங்கே 230. காசாக அனுப்பச் சொல்வது நல்லது.

அந்தப் பக்கத்துச் செய்தியாலும் இங்கே ஒரு குழப்பம். அமெரிக்கா 2025 ஒக்டோபர் 14 இலிருந்து இறக்குமதிக் குசினி அலுமாரிகளுக்கு 25 வீதத் தீர்வை போட்டது. அதைக் கட்டுவது அமெரிக்காவின் இறக்குமதியாளர். முல்லைத்தீவுக் கடையின் விலை அதனால் ஏறக் காரணமில்லை. யாராவது அதைக் காரணமாகச் சொன்னால் வேறு கடையில் கேளுங்கள்.

டொலர், வர்த்தமானி, விலைமனு

வரி வீதம் எதுவும் மாறாமலே விலை ஏறலாம். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. அந்த மே மாதத்தில் 360. பிறகு 300 அளவுக்கு இறங்கியது. 5 டொலர் ரைல்ஸ் 1,000 ரூபாயிலிருந்து 1,800 ஆகி 1,500 இல் நின்றது. வரி பெறுமதியின் வீதம் என்பதால் வரியும் அதேயளவு ஏறும். எந்த செஸ் மாற்றமும் செய்யாத வேலை இது.

வர்த்தமானி இரவில் வெளியானால் காலையில் கடையில் கேட்கும் குரல் தெரிந்ததுதான்: “அண்ணை, நாளைக்கு விலை கூடும், இண்டைக்கே எடுங்கோ.” பழைய வரியில் வந்த இருப்புத்தானே என்று கேட்டால், அடுத்த கொள்கலனுக்குக் காசு வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். ஏற்றம் சில நாளில் வந்துவிடும். இறக்கம் பழைய இருப்பு முடிந்த பிறகுதான். வரி குறைந்த முதல் மாதத்தில் அவசரப்பட்டு வாங்குவதில் இலாபமில்லை.

விலைமனுவைப் பொருள் வேறு, கூலி வேறு என்று பிரித்து வாங்குங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் மனுவில், வரி ஏறினால் மேசன் மலிவுப் பொருளுக்கு மாறுவார். குறைந்தால் உங்களுக்குச் சொல்லமாட்டார். பொருளின் பெயர், தரம், பெட்டி எண்ணிக்கை, மனு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலியின் மேல் ‘வற் 18 வீதம்’ என்று சேர்த்தால் அவருடைய வற் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் வற் அறவிட முடியாது.

வாங்கும் ஒழுங்கும் செலவைத் தீர்மானிக்கும். முதலில் சிங்கும் அடுப்பும். அவை கையில் வராமல் கிறனைட்டுக்கு அளவு கொடுக்கக் கூடாது, படத்தில் உள்ள அளவை நம்பி வெட்டிய துளையைச் சிறிதாக்க முடியாது. அடுத்து ரைல்ஸ், முழுவதும் ஒரே நாளில். மேடையும் இடைச்சுவரும் முடிந்து காய்ந்த பின் கிறனைட். கதவும் பிணைச்சலும் கடைசி, ரைல்ஸ் பதித்த பிறகு அளந்து. சீமெந்தை அந்தந்தக் கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம். மாரியில் இறுகிப்போன பை எந்த வரியையும்விட நட்டம். மிஞ்சும் தரை ரைல்ஸ் இரண்டு மூன்றைத் திருப்பிக் கொடுக்காமல் பெட்டியின் இலக்கத்தோடு வைத்திருங்கள். ஐந்து வருடத்தில் ஒன்று வெடித்தால் அதே நிறம் அப்போது இறக்குமதியாகும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.